இரண்டு மணித் தொடரும் ஐந்து மணி நடையும்

அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்திய மனுஷனைக் கொண்டுவந்து டிவி முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. ஓய்வு பெற்ற மறுநாள் மத்தியானம், மனைவி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மணித் தொடருக்கு அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பத்தாவது நிமிஷம் வாயைத் திறந்தவர் ஒன்பது வருஷமாக மூடவில்லை.

அதற்கு முன்னால் எட்டு வருஷம் அந்தத் தொடரை அவள் தனியாகத்தான் பார்த்து வந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. காலை ஷிப்ட் முடித்து ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு நாற்காலியில் சாய்ந்தால் அரை மணி நேரம் அவளுடையது. யாரும் கூப்பிட மாட்டார்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அப்படிப்பட்ட அரை மணியில்தான் நம் ஆள் போய் உட்கார்ந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, கண் என்றால் அது கண். எதுவும் தப்பாது.

"குண்டு பட்டது வலது தோள்ல. கட்டு இடது தோள்ல. உள்ள போன குண்டு ஊர் சுத்திட்டு வந்துதா?" என்பார்.

"மூத்த மருமகளுக்கு எட்டாம் மாசம்னு சொல்லி நூத்திப் பத்து எபிசோட் ஆச்சு. வாரத்துக்கு அஞ்சுன்னா இப்போ பதிமூணாம் மாசம். யானையா பெத்துக்கப் போறா?" என்பார்.

பணக்கார வீட்டு சோபாவும் ஆஸ்பத்திரி வராந்தா சோபாவும் ஒன்றே என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். வசனம் எழுதுகிறவன் ஒரே வாக்கியத்தை மூன்று பேர் வாயில் போட்டு மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிறான் என்பது அவர் முடிவு. மாமியாராக நடித்தவளுக்கு முட்டைக்கண்ணை உருட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. மூத்த மருமகளாக வந்தவளுக்கு அவர் வைத்த பெயர் மரக்கட்டை. "இடி விழுந்தாலும் இவ மூஞ்சி அசையாது. யார் பிடிச்சுக் கொண்டுவந்தாங்க இவளை?" என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டுவிடுவார்.

இத்தனையையும் அப்போதைக்கப்போது சத்தமாகச் சொல்லிவிட்டு, சிவப்பு மையில் நோட்டிலும் எழுதிக்கொள்வார். ஒன்பது வருஷத்துக்கு ஒன்பது நோட்டு. அவருடைய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அச்சகத்தில் பிழை திருத்தும் அறையில் பேசக் கூடாது என்பது சட்டம். எவ்வளவு பெரிய அபத்தம் கண்ணில் பட்டாலும், "எழுத்துப் பிழை மட்டும் பாருங்க, கருத்து உங்க வேலை இல்ல" என்று மேலாளர் வாயை அடைத்துவிடுவார். முப்பத்தைந்து வருஷம் தேங்கிக் கிடந்த கருத்து முழுவதையும் பாவம், இந்தத் தொடர் வாங்கிக் கட்டிக்கொண்டது. மனைவி ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. "ம்" என்பாள், சில நாள் சிரிப்பாள். தன் பேச்சை அவள் ரசிக்கிறாள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

குட்டு உடைந்தது டாக்டரின் அறையில்.

அவளுக்குச் சர்க்கரை. நடக்கச் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி அடித்ததும் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள், ஆறு மணிக்குத் திரும்புவாள். மழை பெய்தாலும் குடையோடு நடை. அவருக்கு அதில் அப்படியொரு பெருமை. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"நடக்கவே நடக்காதவங்களுக்கு இருக்கிற மாதிரி இருக்கே?"

"தினம் ஒரு மணி நேரம் நடக்கறா டாக்டர். நான் சாட்சி!" என்றார் அவர், மார்பில் கை வைத்து.

"அப்போ எங்கயோ தப்பு இருக்கு," என்றார் டாக்டர்.

மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு இருக்கிறது என்று சொன்னால் நம் ஆளால் சும்மா இருக்க முடியுமா? அடுத்த திங்கட்கிழமை ஐந்து மணிக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், அரை நிமிஷம் விட்டு இவரும் வெளியே வந்தார். அவர்கள் வீடு முதல் மாடியில். கீழே இறங்க வேண்டிய காலடிச் சத்தம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாடியில் இரவு ஷிப்ட் நர்ஸ் ஒருத்தி குடியிருந்தாள். அவளும் அதே ஆஸ்பத்திரிதான். காலையில் வந்து படுத்தால் நாலரைக்குத்தான் எழுந்திருப்பாள். அவள் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டிவியில் ஐந்து மணி மறுஒளிபரப்பு. மத்தியானம் தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே பகுதியை, அவர் மனைவி மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தது மட்டுமா? விளம்பரம் வந்ததும் பேசத் தொடங்கினாள். அடேயப்பா, என்ன பேச்சு!

"மூத்தவளுக்கு ஒரு வாரமா நல்ல சளி, கவனிச்சியா? அந்த மூக்கடைப்பையே அழுகையா மாத்திக்கிட்டா பாரு. மூஞ்சியில ஒண்ணும் காட்ட மாட்டா. எல்லாம் குரல்லதான். 'சரிங்க அத்தை'ன்னு சொன்னாளே, அந்த 'சரி'க்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டா. அந்த மூச்சுலயே தெரிஞ்சுடுச்சு, இவ இந்த வீட்டுல இருக்க மாட்டான்னு. எழுதறவர் வர வர நல்லா எழுதறார். முன்னாடியா இருந்தா அந்த இடத்துல ஒரு பக்கம் வசனம் வெச்சிருப்பார்."

"அக்கா, நீங்கதான் ரெண்டு மணிக்கே பார்த்துடறீங்களே, எதுக்கு இதுக்காக மெனக்கெட்டு மாடி ஏறி வர்றீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"கீழ பார்க்கறதோட சரி. இங்க வந்தாத்தான் கேக்க முடியுது. அவர் பக்கத்துல இருக்கறப்போ அந்தப் பொண்ணு என்ன பேசறான்னு ஒரு நாள்கூட முழுசா காதுல விழுந்ததில்ல."

"சொல்லிப் பார்க்கறதுதானே?"

"ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவை 'கொஞ்சம் இருங்க'ன்னேன். 'இரு, இதை மட்டும் சொல்லிடறேன்'னு அதுக்கு மேல பேசினார். ஆயுசு பூரா வாயைத் திறக்க விடாம வேலை வாங்கியிருக்காங்க அவரை. இங்கயாவது பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் திட்டியிருந்தால்கூட வெளியே நின்றவர் தாங்கியிருப்பார். திட்டுக்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியும். ஓசைப்படாமல் படியிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆயுசு முழுக்கக் குரல்களைக் கேட்டே சம்பாதித்தவள். நடிப்பைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும் என்று ஒன்பது வருஷத்தில் ஒரு தடவையாவது தோன்றியதா? "நீ என்ன நினைக்கிற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? வெட்கமாக இருந்தது. ஆறு மணிக்கு அவள் திரும்பி வந்து ஷூவைக் கழற்றியபோது, "நடை எப்படி?" என்று வழக்கம்போல் கேட்டார். "நல்லா இருந்தது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் போனது. மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திருப்தி இல்லாமல் பிரஷர் மிஷினைக் கொண்டுவந்து கையில் பட்டையைச் சுற்றினாள். அவருடைய பிரஷர் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிவதற்குள் தொடர் முடிந்துவிட்டது. புதன்கிழமை, தொண்டை கட்டியிருக்கிறது, அதனால் பேசவில்லை என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். அன்றைக்கு மூன்று தடவை எழுந்து போய் வெந்நீர் வைத்துக்கொண்டு வந்தாள். பேசினாலும் கெடுத்தார், பேசாவிட்டாலும் கெடுத்தார். இரண்டு நாளும் ஐந்து மணிக்கு அவள் மாடி ஏறினாள்.

வியாழக்கிழமை காலைப் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. தயாரிப்பாளருக்கும் சேனலுக்கும் வழக்கு. பதினேழு வருஷத் தொடர் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு சட்டென்று முடிகிறது. ஐந்து மணி மறுஒளிபரப்பு இன்றிலிருந்தே கிடையாது. வழக்கு தீரும்வரை இணையத்திலும் ஒரு பகுதிகூடக் கிடைக்காது. அவர் செய்தியை இரண்டு தடவை படித்தார். மனைவிக்கும் படித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, "அப்படியா?" என்று மட்டும் சொன்னாள். இருந்தும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு போனாள். பத்தே நிமிஷத்தில் திரும்பினாள்.

"என்னம்மா, அதுக்குள்ள?"

"கால் வலிக்குது," என்றாள். ஷூவைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆக, பாக்கி இருந்தது ஒரே பகுதி, ஒரே தடவை. அந்த நேரத்தில் நர்ஸ் தூக்கத்தில் இருப்பாள். மனைவி அதைக் கேட்க வேண்டுமானால் இந்த வீட்டில், இவர் பக்கத்தில்தான் கேட்க வேண்டும். வெளியே எங்காவது போய்விடலாமா என்று யோசித்தார். அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் கேட்கிற மாதிரி தானும் கேட்டுப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருந்து. அந்த ஆசையை அவரால் விட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் நோட்டையும் பேனாவையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இன்னைக்கு நான் மூச்சு விட மாட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, தொண்டையும் நல்லா இருக்கு. நீ நிம்மதியா பாரு," என்றார்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பார்க்கலாம், பார்க்கலாம்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இருந்தது.

தொடங்கியது. பதினேழு வருஷக் கதையை அரை மணியில் மூட்டை கட்ட வேண்டுமென்றால் எப்படி இருக்கும்? காணாமல் போனவன் கதவைத் தட்டிக்கொண்டு வந்தான். கோமாவில் கிடந்தவள் எழுந்து தலை வாரிக்கொண்டாள். அதே சோபா மூன்று வீட்டில் வந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார், நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மனைவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பாள் என்பதையே அன்றைக்குத்தான் கவனித்தார். அவரும் மூடிக்கொண்டார்.

மூடியதும்தான் மூத்த மருமகளின் குரல் காதில் விழுந்தது. இத்தனை வருஷம் மரக்கட்டை என்றாரே, அந்தப் பெண்ணின் குரல்! ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு சின்னத் தயக்கம், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு களைப்பு. இதையா விட்டுவிட்டோம்?

கடைசிக் காட்சி. பெட்டியோடு வாசலில் நிற்கிறாள் மூத்தவள். மாமியார் கேட்கிறாள், முதல் தடவையாகக் கண்ணை உருட்டாமல்: "எவ்வளவோ கொடுமை பண்ணிட்டோம் உனக்கு. இத்தனை வருஷம் ஏன் இந்த வீட்டுலயே இருந்தே?"

பின்னணி இசை இல்லை. இடி இல்லை. மூச்சு இழுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"ஏன்னா..." என்று அவள் தொடங்கினாள். அந்த ஒரு சொல்லிலேயே குரல் உடைந்து, உடனே தன்னைப் பிடித்துக்கொண்டது.

"அடடா! அடடா!" என்று கத்திவிட்டார் அவர். கண்ணில் நீர் கொட்டியது. மனைவியின் கையைப் பிடித்து உலுக்கினார். "என்ன நடிப்பும்மா! நீ சொன்னது வாஸ்தவம், எல்லாம் குரல்லதான் இருக்கு! ஒன்பது வருஷமா மரக்கட்டைன்னேனே, நான்தான் மரக்கட்டை! பிரமாதம், பிரமாதம்!"

திரையில் வாசல் கதவு சாத்தியிருந்தது. 'முற்றும்' என்று போட்டார்கள். சோப்பு விளம்பரம் வந்தது.

மனைவி கண்ணைத் திறந்தாள். கையை விடுவித்துக்கொண்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"நான் எப்போங்க சொன்னேன், எல்லாம் குரல்லன்னு?"

"திங்கக்கிழமை. மேல... நர்ஸ் வீட்டுல. வெளியே நின்னு கேட்டேன்."

அவளுக்குக் கோபமா, வெட்கமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "அதான் இந்த வாரம் முழுக்க வாயைக் கட்டிக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா. உனக்காகத்தான்."

"சரி. கடைசியா அவ என்னங்க சொன்னா?"

அவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். அவருக்கும்தான் தெரியாது. அந்த நேரத்தில் வீட்டில் கேட்டது அவருடைய குரல் ஒன்றுதான். பார்த்தவர் யாராவது வார்த்தையைச் சொல்லலாம், அந்தக் குரலை யாரிடம் போய்க் கேட்பது? நர்ஸ் தூங்கிக்கொண்டிருக்கிறாள். வழக்கு எத்தனை வருஷம் நடக்குமோ! பதினேழு வருஷம் உட்கார்ந்து கேட்டவளுக்கு அந்த ஒரு பதில் கிடைக்கவில்லை.

"நீ சொல்லு," என்றார். அவளிடம் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை என்பது அவருக்கே தெரிந்தது. "நீ என்ன நினைக்கிற? என்ன சொல்லியிருப்பா?"

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள்.

"நான் நினைச்சு என்னங்க ஆகப் போகுது?" என்றாள். "இன்னும் ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா, கேட்டிருப்பேன்."