கூட்டத்துக்கு ஒரு ஆள் குறைகிறது

எங்கள் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுக்குமாடிச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் நான். அதனால் என்னைக் கண்டால் எல்லோரும் படியில் வேகமாக இறங்கிவிடுவார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சட்டத்தில் எனக்கு உயிரான விதி ஒன்று உண்டு. கூட்டத்துக்குப் போதிய உரிமையாளர்கள் வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு வந்தவர்களை வைத்தே நடத்தலாம், இரண்டு பேர் இருந்தால் போதும். ஆகவே எல்லோரும் வெளியே கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கூட்டம் போடுவேன். நானும் பொருளாளரும் அரை மணி நேரம் டீ குடிப்போம். அப்புறம் தீர்மானங்களை நிறைவேற்றுவோம். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது, மொட்டை மாடியில் பந்து விளையாடக் கூடாது, எல்லாம் அப்படி வந்தவைதான். பொருளாளர் தங்கமான மனிதர். பிஸ்கட் இருந்தால் எதற்கும் கை தூக்குவார்.

இந்த முறை நான் குறிவைத்தது தையல்கார அம்மாவை. எனக்கு நேர் கீழ்வீடு, அவருடைய சொந்த வீடு. கணவர் போன பிறகு பள்ளிச் சீருடை தைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். நான் மத்தியானம் கண்ணை மூடினால் போதும், அவருடைய மிஷின் என் தலையணைக்குள் ஓடும். தூக்கம் கெடுகிறது என்று தீர்மானத்தில் எழுத முடியுமா? தலைவர் கௌரவம் என்ன ஆவது? ‘குடியிருக்கும் வீட்டில் தொழில் நடத்துவதால் தீ அபாயம், மின்சுமை, கட்டடத்தின் தன்மைக்கு ஊறு; உடனே நிறுத்த வேண்டும்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. சட்டம் அறிவிப்பு ஒட்டச் சொல்கிறது, ஒட்டினேன். கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லவில்லை. பூச்சி மருந்துக் கம்பெனி காலண்டருக்குப் பின்னால் ஒட்டினேன்.

கூட்டத்தன்று காலையில் பொருளாளர் வீட்டிலிருந்து போன். அவருக்குக் காய்ச்சலாம், எழுந்து நிற்க முடியவில்லையாம்.

“நான் வேணா வந்து உக்காரட்டுமா?” என்றாள் என் மனைவி.

“வீடு என் பேர்ல இருக்கு. உனக்கு ஓட்டு கிடையாது.”

“இருந்திருந்தா யார் பக்கம் போட்டிருப்பேன்னு உங்களுக்கே தெரியும்.”

மாடி மாடியாக ஏறி இறங்கினேன். பூட்டிய கதவுகள். திறந்திருந்த இரண்டு வீட்டிலும் வாடகைக்காரர்கள், அவர்களுக்கும் ஓட்டு இல்லை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டம் போட்ட மகா மேதைக்கு ஒரே ஒரு ஆள் கிடைக்கவில்லை. உரிமையாளர் இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் கிறுக்கு முற்றிவிட்டது. அவர் வந்தால் இரண்டு பேர். அவர் எதிர்த்தாலும் ஒன்றுக்கு ஒன்று. சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்று சட்டமே சொல்கிறது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

“கூட்டத்துக்கு ஒரு ஆள் குறையுதும்மா. நீங்க வந்தா நடத்திடலாம்.”

“என்னையா கூப்பிடறீங்க?” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டு நிமிஷம் சார், வந்துடறேன்.”

முகம் கழுவி, தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். இதுவரை ஒரு கூட்டத்துக்கும் தன்னை யாரும் அழைத்ததில்லை என்று படியிறங்கும்போது சொன்னார். நான் ஒரு படியைத் தவறவிட்டுத் தடுமாறினேன். டீ குடிக்காததால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மோட்டார் அறைக்குப் பக்கத்து அறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்தோம். மாடிப்படி விளக்கைப் பற்றி அவர் சொன்ன யோசனை, நான் இதுவரை போட்ட எல்லாத் தீர்மானங்களையும்விட உருப்படியாக இருந்தது. பிறகு வேறு வழியில்லாமல் படித்தேன். தீ அபாயம் வந்த இடத்தை வேகமாகத் தாண்டினேன்.

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

“இது என்னைப் பத்தித்தானே?”

“ஆமாம்மா.”

“நான் இப்ப எந்திரிச்சுப் போயிட்டா?”

“கூட்டம் செல்லாது.” சட்டத்தில் மட்டும் எனக்குப் பொய் வராது. “ஆனா அடுத்த வாரம் பொருளாளருக்குக் காய்ச்சல் விட்டுடும்.”

“அப்ப இன்னிக்கே முடிச்சிடுங்க. ஒரு வாரம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத் தைக்க என்னால ஆகாது. நான் வேண்டாம்னு ஓட்டு போடறேன். நீங்க?”

“எனக்கு ரெண்டு ஓட்டு.”

“ரெண்டையும் போடுங்க சார். பாத்துட்டே போறேன்.”

கையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. பந்தையும் பால்கனியையும் தடுத்த அந்தக் கை மடியிலேயே கிடந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது, சட்டப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

“நெருப்பு, கரண்டு எல்லாம் இருக்கட்டும். நிஜமா என்னதான் பிரச்சினை?”

“மத்தியானம் தூக்கம் வரலை,” என்றேன். என் குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரல் மாதிரி வந்தது.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, கோபம்தான் வந்தது. “ரெண்டு மணி நேரம் மிஷினை நிறுத்துன்னா நிறுத்திட்டுப் பட்டன் தைக்கப் போறேன். இதுக்குப் போய் என் பொண்ணுங்க சோத்துல கை வைக்கணுமா? ஒரு நாள் கதவைத் தட்டிச் சொல்லியிருந்தா போதாதா சார்?”

தீர்மானத்துக்கு ஆதரவாக ஒரு ஓட்டும் விழவில்லை. கொண்டுவந்தவனே எதிர்த்தான். அவர் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டுப் போனார். இத்தனை வருஷம் அவர் தலைக்கு மேலே குடியிருந்தவன், அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் கதவைத் தட்டியிருந்தேன்.