இரண்டாவது பட்டன்

வகுப்பு மொத்தமும் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய பியூலாவுக்கு எரிச்சல்தான் மூண்டது. தெர்மோடைனமிக்ஸில் பாஸ் மார்க்கைத் தொடவே மூச்சு வாங்கும் பிள்ளைகள், பாதுகாப்பு, நெறிமுறை என்றதும் மகான்களாகிவிட்டார்களா?

தாம்பரத்தை அடுத்த அந்தப் பொறியியல் கல்லூரிக்கு வி.ஆர். ஆய்வகம் வந்து ஒரு செமஸ்டர்தான் ஆகிறது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் கண் முன்னே ஒரு தொழிற்சாலை விரியும். எண்ணெய் கசியும், ஒயர் பிய்ந்து தொங்கும், தகட்டை வெட்டும் பிரஸ் தடதடக்கும், ‘லாரி நிக்குது, சீக்கிரம்’ என்று ஒரு மேனேஜர் வந்து கத்துவார். தப்பான முடிவெடுத்தால் விபத்து நடக்கும். நிஜத்தில் அடிபடாது, அவ்வளவுதான். அந்தப் பாடம் பியூலாவின் பொறுப்பு. அவள் மாணவர்களில் ஐந்து பேர் வரும் திங்கட்கிழமை முதல் திருமுடிவாக்கத்தில் அவள் கணவன் ஐசக்கின் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். அங்கே ஓடுவது நிஜ பிரஸ். அதனால்தான் இந்த மார்க்கை அப்படியே விழுங்க அவளால் முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஐவரில் ஒருவனான சாஹிலைக் கூப்பிட்டு மறுபடி செய்யச் சொன்னாள். சாஹில் ஹெட்செட்டோடு இடப்பக்கம் திரும்பினான், கையைத் தூக்கினான், எதையோ தொட்டான். நூற்றுக்கு நூறு.

“சரி. மேனேஜர் போட்டிருந்த சட்டை என்ன கலர்?”

“மேனேஜரா? குரல்தான் மேம் கேட்டுது. நான் கண்ண மூடிக்கிட்டிருந்தேன்.”

“என்னது?”

“தொறந்தா தலை சுத்துது மேம். ஜோசலின் எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டா. லெஃப்ட்ல ரெண்டு அடி, கைய மேல தூக்கு, அவரு கத்தி முடிச்சதும் நடு பதில்.”

பின்னால் நின்ற ஜோசலின் தலையைக் குனிந்துகொண்டாள். “அது ஏ செக்‌ஷன்லேர்ந்து வந்தது மேம். நான் குரூப்ல போட்டேன், அவ்வளவுதான். எல்லா சப்ஜெக்ட்டுக்கும் அப்படித்தானே போடுவோம்.”

எட்டிப்பார்த்த துறைத்தலைவர் ஜெயகிருஷ்ணனிடம் பியூலா விஷயத்தைச் சொன்னாள். அவர் அசரவில்லை.

“விடுங்க மேடம். அடுத்த வாரம் காலேஜப் பாக்க இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருது. நூறு சதவீதம்னு போர்டு வச்சா எடுப்பா இருக்கும்.”

“கண்ணை மூடிக்கிட்டு எடுத்த நூறு சார்.”

“அத போர்டுல போட மாட்டோம்ல.”

அவர் போன திசையைப் பார்த்து நின்றவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியம் அவளை அழைத்துப்போக ஐசக் வந்தான். பள்ளிக்கரணையில் அவன் தங்கை அபிகாயிலின் மகளுக்கு முதல் பிறந்தநாள். ஐசக் எதிலும் ஜாக்கிரதை. ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்கும்போது இன்றும் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வான். இரும்புலியூர் வீட்டைப் பூட்டும் முன் கேஸை மூடினாயா என்று கேட்டு, அவள் சொன்னதை நம்பாமல் தானே போய்ப் பார்ப்பான். அந்தக் குணத்துக்காகத்தான் பியூலா அவனைக் கட்டிக்கொண்டாள். அதே குணத்துக்காக வாரத்தில் இரண்டு நாள் அவனைக் கடித்துத் துப்பவும் தோன்றும்.

அவனைக் கண்டதும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. விடை தெரியாத, ஆனால் பிரஸ் தெரிந்த ஒருவர் செய்து காட்டினால் இந்தப் பிள்ளைகளுக்கு உறைக்கும்.

“ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. இவங்க பாக்கட்டும்.”

“லேட்டாகுது பியூலா,” என்றான். ஆனாலும் முகத்தில் பெருமை தெரிந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். உள்ளே அவன் பார்ப்பதெல்லாம் சுவரிலிருந்த திரையில் தெரிந்தது. மாணவர்கள் சுற்றி நின்றார்கள்.

ஐசக் நேராக பிரஸ்ஸிடம் போனான். அதற்கு இரண்டு பட்டன்கள். இரு கைகளாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஐசக் இடதுபுறம் பார்த்தான். வலதுபுறம் பார்த்தான். குனிந்து மேஜைக்கு அடியிலும் பார்த்தான்.

“என்ன தேடறீங்க?”

“ஒரு துணி. கயிறு இருந்தாலும் பரவாயில்ல. ஒண்ணுமே வைக்கலையே இவங்க.”

“எதுக்கு?”

“இந்த லெஃப்ட் பட்டன அமுக்கி வச்சுக் கட்டறதுக்குதான். இல்லாட்டி ஒரு கை சும்மா மாட்டிக்கினு நிக்கும்ல?”

“சார், அப்படிக் கட்டினா ஆக்சிடெண்ட் ஆயிடாதா?” என்றான் சாஹில்.

“ஆவாது தம்பி. கட்டலன்னா டெலிவரிய யாரு குடுப்பா?”

வகுப்பே சிரித்தது. ஹெட்செட்டைக் கழற்றிய ஐசக்கும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கார் கதவைச் சாத்தியதும் பியூலா கேட்டாள்.

“பட்டறையில கட்டி வச்சிருக்கீங்களா?”

“பிரஸ் வச்சிருக்கறவன் எவன் கட்டல?”

“திங்கட்கிழமை சாஹில் அங்க வரான்.”

“அவனுக்குப் பேக்கிங் வேலை குடுக்கறேன். உன் பசங்க யாரையும் பிரஸ் பக்கமே விட மாட்டேன். ஒரு கீறல் விழாது. போதுமா?”

“அப்ப பிரஸ்ல யாரு?”

“கங்கம்மாதான். அவங்களுக்குப் பழக்கம்.”

“கங்கம்மாவுக்கு விரல் வேணாமா?”

ஐசக்கின் கால் பிரேக்கை அழுத்தியது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது.

“வண்டியத் திருப்புங்க.”

“கேக் வெட்டப் போறாங்க பியூலா.”

“வெட்டட்டும்.”

திருமுடிவாக்கம் போய்ச் சேரும்வரை பியூலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்; ஐசக் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பட்டறையில் கங்கம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். இடது பட்டனை அழுத்தியபடி சாயம் போன துணி இறுகக் கட்டப்பட்டிருந்தது. வலது கை பட்டனை அழுத்தியது. இடது கை அச்சுக்கு அடியில் போய்ப் போய் வந்தது. அந்த விரல்களைப் பார்த்த பியூலா தன் கையை இறுக மூடிக்கொண்டாள்.

ஐசக் மெயினை அணைத்துவிட்டுத் துணியை அவிழ்த்தான்.

“இன்னா சார், நல்லா ஓடிகினு இருந்தத நிறுத்திட்ட?”

“இனிமே ரெண்டு கையாலதான் கங்கம்மா.”

“ரெண்டு கையும் பட்டன்ல வச்சா பீஸ யாரு எடுப்பா? உன் வூட்டுக்காரம்மாவா?”

“மெதுவா எடுங்கக்கா. கை முக்கியம் இல்லையா?” என்றாள் பியூலா.

“உனுக்கின்னாம்மா, ஈசியா சொல்லிட்ட. எனுக்குப் பீஸ் கணக்குலதான் கூலி. இப்டி ஓட்டினா பாதிகூட வராது. சனிக்கெழம அதுவுமா பேஜார் பண்றீங்க ரெண்டு பேரும்.”

பியூலாவுக்கு இது தோன்றவே இல்லை. அவள் நடத்திய பாடத்தில் மேனேஜர் கத்துவார், லாரி நிற்கும். கூலி எப்படி என்று யாரும் கேட்டதில்லை. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

“நாள் கூலியா மாத்திடறேன். இப்ப வர்றதுக்குக் குறையாம.”

“மெய்யாலுமா?”

“இவங்க எதிர்ல சொல்றேன், போதுமா?”

கங்கம்மா பியூலாவை மேலும் கீழும் பார்த்தார். “அப்பச் சரி. பொண்டாட்டி எதிர்ல சொன்னத மாத்த மாட்ட.”

ஐசக் வெளியே போய் ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு போன் போட்டான். “இல்ல சார்... சொன்ன தேதிக்கு முடியாது சார்... புரியுது சார்...” என்பது மட்டும் கேட்டது. முகம் சுருங்கித் திரும்பி வந்தான்.

“இப்ப சந்தோஷமா?”

“இல்ல. பசங்கள இந்தத் திங்கட்கிழமை அனுப்ப மாட்டேன். ஒரு வாரம் போகட்டும். நடுவுல சொல்லாம வந்து பாப்பேன். பட்டன்ல எதுவும் இல்லன்னா அனுப்பறேன்.”

“என் மேல அவ்வளவு நம்பிக்கையா?”

“நம்பிக்கை இருக்கறதாலதான் வந்து பாக்கறேன்னு சொல்றேன். இல்லன்னா வேற பட்டறை தேடியிருப்பேன்.”

அவன் கையிலிருந்த போன் அடித்தது. அபிகாயில். அதை அப்படியே மனைவியிடம் நீட்டினான்.

“நீயே பேசு. எனக்கு இன்னிக்கு வாங்கின திட்டு போதும்.”

பியூலா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள். உள்ளே பிரஸ் மறுபடி ஓடத் தொடங்கியது, முன்பைவிட மெதுவாக. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் கங்கம்மா ஐசக்கைத் திட்டுவது தெளிவாகக் கேட்டது.