தரை கோணல்

தையற்காரிக்குக் கோணலைக் கண்டால் கை சும்மா இருக்காது. மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்க வசதியாக இருக்கட்டும் என்று கணவன் அறுத்துக் கொண்டுவந்து போட்ட மரக்கட்டை, அவள் உட்கார்ந்ததுமே ஒரு பக்கம் சாய்ந்து ‘டொக்’ என்றது. நிமிர்ந்தாள். மறுபக்கமும் ‘டொக்’.

"என்னங்க, இது கட்டையா, தொட்டிலா?"

"தரை கோணல்," என்றான் மரம் வெட்டி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

"பன்னெண்டு வருஷமா இதே தரையில துணியை விரிச்சு வெட்டுறேன். உங்க கட்டையைப் பாத்த வெக்கத்துல இன்னைக்குத்தான் கோணிக்கிச்சாக்கும்?"

அவன் அடுத்த கவளத்தை உருட்டினான். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன்.

அவள் கட்டையைப் புரட்டி, அடிப்பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். நடுவில் வயிறு புடைத்திருந்தது. ரம்பம் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவன் அறுத்த கட்டையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாலும் சொட்டுச் சிந்தாது என்று பெயர்.

ஸ்கேலை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். மோட்டார் ரம்பம் பலகைமேல் துடைத்து வைத்திருந்தது. செயினைச் சுற்றி இடம் ஒன்று, வலம் ஒன்றாக மாறிமாறிப் பற்கள். ஒரு பக்கத்துப் பற்களை வலக்கையால் அரம் தள்ளித் தீட்டுவான். பிறகு எதிர்ப்பக்கம் வந்து நின்று மற்றதை இடக்கையால். பல்லுக்கு மூன்று தடவை, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தொடங்கிய இடம் மறக்காமலிருக்க முதல் பல்லில் அவளுடைய நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு.

விளக்கைப் பக்கத்தில் பிடித்தாள். கூரான பல்லின் விளிம்பில் வெளிச்சம் நிற்காது, மழுங்கினதுதான் பளபளக்கும். ஒரு பக்கத்துப் பற்கள் கறுப்பாக, ஒழுங்காக இருந்தன. இடக்கையால் தீட்டிய பக்கம் முழுக்கப் பளபளத்தது.

அப்படியென்றால் அந்த இடக்கைக்கு என்னவோ ஆகியிருக்கிறது. நாளைக் காலை பள்ளிக்கூடத்துப் பெரிய மரத்தில் அவன் ஏறவேண்டும். மேலே போய்விட்டால் ரம்பம் வலக்கையில், உயிர் இடக்கையில்.

அரத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். "இடது கையால பிடிங்க."

"சாப்பிடுறேன்ல?"

"சாப்பிடுறது வலது கைதானே?"

பிடித்தான். விரல்கள் மூடுவதற்குள் அரம் நழுவி விழுந்தது. பார்த்தால், முழுக்கைச் சட்டைக்குள் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

"எத்தனை நாளா?"

"பத்து நாள் இருக்கும். ஒரு கிளை தட்டிடுச்சு."

"ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா ஏறாதீங்கன்னு சொல்லுவ."

"சொல்லுவேன்."

"அதான் சொல்லல."

அவளுக்குக் கோபம் வந்து, பாதி வழியில் அழுகையாக மாறப் பார்த்தது. விழுங்கிக்கொண்டு அவன் மணிக்கட்டை மடியில் வைத்துத் தடவினாள். "இத்துனூண்டு அரத்தையே பிடிக்காத கை, நாப்பதடி உசரத்துல உங்களைப் பிடிக்குமா? கோணல் கட்டையோட நான் குடித்தனம் பண்ணிக்குவேன். நீங்க இல்லாம எப்படிங்க பண்றது?"

அவன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: "உன் தம்பிக்குப் போனைப் போடு."

அவள் தம்பியும் அவனோடு மரமேறுகிறவன்தான். ஒடிசலான உடம்பு, அத்தான் வைத்த பெயர் சுள்ளி.

"அத்தான், நான் ஏறணுமா? நீங்களா சொல்றீங்க? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"கீழ நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்டா சுள்ளி. ஒரு கிளை தப்பா விழட்டும், அப்ப இருக்கு உனக்கு!"

போனை வைத்ததும் அவள் ரம்பத்தின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பிறவியிலேயே இடக்கைக்காரி, துணி வெட்டுவதும் அந்தக் கையால்தான். சிவப்புப் பொட்டிலிருந்து தொடங்கினாள்.

"தள்ளும்போது மட்டும் அழுத்து. இழுக்கும்போது தூக்கிடு."

"எல்லாம் தெரியும். நீங்க எண்ணுங்க, போதும்."

அவன் எண்ணினான். அந்தப் பக்கம் ரொம்பவே மழுங்கியிருந்ததால் பல்லுக்கு மூன்று போதவில்லை. ஐந்து, ஆறு என்று போனது. இரண்டு பக்கமும் ஒரே நீளம் வந்தபின் அவள் அரத்தைக் கீழே வைத்தபோது விரலெல்லாம் கறுப்பு.

மறுநாள் சாயங்காலம் மணிக்கட்டில் டாக்டர் போட்ட கட்டோடு வந்தான். பின்னாலேயே சுள்ளி, தோளில் புதுக்கட்டையைச் சுமந்துகொண்டு.

"அக்கா, இவர் கீழ நின்னு போட்ட சத்தத்துல மரமே பயந்து விழுந்துடுச்சு!"

கட்டையை மெஷின் பக்கத்தில் இறக்கினார்கள். அவள் உட்கார்ந்தாள். இப்படிச் சாய்ந்தாள், அப்படிச் சாய்ந்தாள். சத்தமே இல்லை.

"பாத்தியா," என்றான் அவன். "தரை சரியாயிடுச்சு."