கொலுசோடு நிறுத்த பிள்ளை

பத்தாம் நாள் பிள்ளையின் எடை குறைந்திருந்தது. சிங்கப்பூர் தோ பாயோவில் வீட்டுக்கே வந்து பார்க்கும் தனியார் பிரசவத் தாதி ஜரீனா, அடுத்த வாரமும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்றார். அந்த வாரம் ரக்ஷனா கடலளவு பால் கொடுத்தாள். தூங்கியது மொத்தம் பதினொரு நிமிஷம்.

பதினேழாம் நாள் தராசு நூற்றிருபது கிராம் கூடக் காட்டியது. ரக்ஷனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜரீனா துணியை விலக்கினார். சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்று பிள்ளைமேல் குடியேறியிருந்தது: காப்பு, கொலுசு, அரைஞாண், எல்லாம் வெள்ளி.

“நேத்துதான் பிள்ளைக்குப் பதினாறாம் நாள் சாமி கும்பிட்டு நகை போட்டோம்க்கா.”

“கழட்டிட்டு நிறுக்கணும்லா.”

கழற்றக் கழற்ற எண் இறங்கியது. கடைசிக் கொலுசை ரக்ஷனா இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இது லேசுதான்க்கா. இருக்கட்டுமே.”

“பிள்ளை துணிப்பையை எடுத்து வை, ரக்ஷனா. நானும் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்.”