நூற்றில் ஒரு பங்கு

கோய் டாட்ரியின் மளிகைக் கடையில், பாலும் மோரும் வைக்கும் குளிர்ப்பெட்டியின் முன்னால் தரையில் கிடந்த தண்ணீரில், என் தமக்கை ஆர்டீலியா வழுக்கி விழுந்தது பிப்ரவரி மாதத்தில். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு பிளந்தது. மருத்துவமனையில் தகடு பொருத்தி, தையலிட்டு அனுப்பினார்கள். எலும்பு கூடிற்று, முழங்கால்தான் மடங்க மறுத்தது. தகட்டை அகற்றி மூட்டைத் தளர்த்துவதற்கு இன்னோர் அறுவை சிகிச்சை செய்தால் பழையபடி நடக்கலாம் என்று மருத்துவர் உறுதியாகவே கூறினார். அதற்கான தொகையை முன்னதாகச் செலுத்த வேண்டும் என்று அவருடைய அலுவலகம் அதைவிட உறுதியாகக் கூறிற்று.

ஆர்டீலியா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பகுதி நேர வேலை என்பதால் மருத்துவக் காப்பீடு கிடையாது. ஆயினும் அவ்வேலையைத் தவிர உலகில் வேறு எதையும் அவள் பெரிதாக நினைத்ததில்லை. எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள மண் சாலைகள் அனைத்தும், அவற்றின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள் அனைவரும், அவளுக்கு மனப்பாடம். ஓட்டுநர் உரிமம் நீடிக்க வேண்டுமானால் வலக்காலால் பிரேக்கை இறுதிவரை அழுத்திக் காட்ட வேண்டும். பேருந்தின் பின்கதவு வழியே தரையில் இறங்கியும் காட்ட வேண்டும். பணிமனை மேற்பார்வையாளர் நல்ல மனிதர். ஆகஸ்டில் பள்ளி திறக்கும் வரை அவளுடைய இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதாக வாக்களித்திருந்தார்.

ஆகவே ஆகஸ்டுக்குள் அறுவை சிகிச்சை. அதற்கு வழி தேடி நாங்கள் அலைந்தோம்.

முதலில் கோயின் கடைக்கே சென்றேன். கோய் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ரூஃபஸ், எனக்கும் உங்கிட்ட பேசணும்னுதான் இருக்கு. இன்சூரன்ஸ்காரங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. மன்னிப்புக் கேட்டாலே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரியாம்."

"அப்ப மன்னிப்பு வேண்டாம். அன்னிக்குக் கடை கேமராவுல பதிஞ்ச வீடியோவாவது குடு."

"அதுவே பழசு மேல புதுசு பதிஞ்சுக்கும்ப்பா. அது போயி ரொம்ப நாளாச்சு."

யார் மீது தவறு என்று ஆராயாமலேயே மருத்துவச் செலவை ஏற்கும் ஒரு பிரிவு இத்தகைய காப்பீடுகளில் இருப்பதுண்டு என்று எவரோ கூறியிருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டேன். சந்தா குறையும் என்பதற்காக அந்தப் பிரிவை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீக்கிவிட்டதாகக் கோய் கூறினார். நான் புறப்படும்போது ஒரு பெட்டி முட்டையை என் கையில் திணிக்கப் பார்த்தார். வாங்காமல் வந்தேன். வீட்டில் அதற்காகத் தமக்கையிடம் திட்டு வாங்கினேன்.

"முட்டை என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

அடுத்ததாக நீதிமன்றத்துக்கு எதிரே அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் திருமதி விட்லியைப் பார்க்கச் சென்றோம். ஆர்டீலியா ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, தேவாலயத்தில் அமர்வது போல் நிமிர்ந்து அமர்ந்தாள். வழக்கறிஞர் முழுவதையும் கேட்ட பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ் ஆர்டீலியா, நான் ஒண்ண நேராச் சொல்லிடறேன். கடைக்காரர் மேல தப்பு இருக்குன்னு காட்டினா மட்டும் போதாது. உங்க மேல துளிக்கூடத் தப்பு இல்லன்னும் ஆகணும். நம்ம மாநிலச் சட்டம் அப்படி. தொண்ணூத்தொம்பது பங்கு அவர் தப்பு, ஒரு பங்கு உங்க தப்புன்னு வெச்சுக்கோங்க, உங்களுக்கு ஒரு காசு வராது."

"ஒரு பங்குக்குமா?"

"ஒரு பங்குக்கும்தான். தெற்கே எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இப்படி இல்ல. அங்க ஆளுக்கு எவ்வளவு தப்போ அவ்வளவு கழிச்சுக் குடுப்பாங்க."

"சரிம்மா," என்றாள் ஆர்டீலியா. "அடுத்த தடவ கொஞ்ச தூரம் வண்டி ஓட்டிட்டுப் போயி அங்க விழறேன்."

வழக்கறிஞர் சிரித்தார். ஆனால் வழக்கை ஏற்கவில்லை. தண்ணீர் நெடுநேரமாகத் தரையில் கிடந்தும் கடைக்காரர் துடைக்கவில்லை என்பதற்கு ஆதாரமில்லை. நிபுணர்களுக்கு ஆகும் செலவே கிடைக்கும் தொகையை விழுங்கிவிடும் என்று விளக்கினார். பின்னர் ஒரே ஒரு வழியைக் காட்டினார். சிறு வழக்குகளை விசாரிக்கும் மாஜிஸ்ட்ரேட்டிடம் வழக்கறிஞர் இல்லாமலேயே நாங்கள் முறையிடலாம். அங்கே கோரக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. ஆனால் அந்த வரம்புக்குள் அறுவை சிகிச்சை அடங்கிவிடும்.

"கடையில வேற யாராவது பாத்தாங்களா?" என்று வாசல் வரை வந்து கேட்டார்.

"ஹேவுட் ஐயா இருந்தாரு," என்றாள் ஆர்டீலியா.

ஹேவுட் பல்லக் எங்கள் தேவாலயத்தின் மூத்த டீக்கன்; சபையின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர். மறுநாளே அவரைச் சென்று பார்த்தேன். அவர் தக்காளிச் செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"தண்ணிதான? நான் கடைக்குள்ள நுழையறப்பவே கெடந்துச்சு. அந்தக் கல்லாப் பையன் ஒரு அட்டையக் கொண்டாந்து போட்டான், அப்பறம் அட்ட நனைஞ்சிருச்சுன்னு அவனே எடுத்துட்டுப் போயிட்டான். தொடைக்கல. ரெண்டு வாட்டி தாண்டிப் போனான்," என்றார்.

நாங்கள் தேடிய ஆதாரம் இதுவே அல்லவா.

"கோர்ட்டுல வந்து இதச் சொல்வீங்களா ஐயா?"

"அந்தப் பொண்ணுக்காகவா? என்னத் தூக்கிட்டுப் போகணும்னாலும் வர்றேன்."

அன்று மாலை ஆர்டீலியாவிடம் இதைக் கூறினேன். அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். விழறதுக்கு முன்னாடி தண்ணியப் பாத்தியா?"

"பாத்தேன்னு சொன்னா?"

"வக்கீலம்மா சொன்னாங்களே. தெரிஞ்சே கால வெச்சா அது உன் தப்பு ஆயிடும்."

"அப்ப கேக்காத."

நானே தொடர்ந்தேன்: "அங்க கேட்டாங்கன்னா ஞாபகம் இல்லன்னு சொல்லிடு."

அவள் ஒரு பட்டாணித் தோலை என்மேல் எறிந்தாள்.

ஜூலை மாதத் தொடக்கத்தில் விசாரணை நடைபெற்றது. சிறிய அறை, மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண்மணி. கோயின் பக்கம் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய இளம் பெண் வழக்கறிஞர் அமர்ந்திருந்தார். கோய் தன் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹேவுட் ஐயா ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய கறுப்புக் கோட்டை அணிந்து, வெயிலில் வியர்த்து, கைத்தடியின்மேல் இரு கைகளையும் வைத்து அமர்ந்திருந்தார்.

முறைப்படி ஆர்டீலியாதான் முதலில் பேச வேண்டும். ஆனால் முதியவரை மாஜிஸ்ட்ரேட் கவனித்துவிட்டார்.

"ஐயாவ ரொம்ப நேரம் உக்கார வெக்க வேண்டாமே. அவரு முதல்ல பேசிட்டுப் போகட்டும். உங்களுக்குச் சம்மதமா?"

எங்களுக்குச் சம்மதம்தான். எங்கள் ஊரில் முதியவரைக் காக்க வைப்பதற்கு எவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஹேவுட் ஐயா சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, என்னிடம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் சொன்னார். தண்ணீர், அட்டை, நனைந்த அட்டையை எடுத்துச் சென்றது, பையன் தாண்டிச் சென்றது. மாஜிஸ்ட்ரேட் குறித்துக்கொண்டே தலையசைத்தார். கோயின் கழுத்து சிவந்தது. அந்தச் சில நிமிடங்களில் நான் மனத்துக்குள் மருத்துவரிடம் தேதி வாங்கிவிட்டேன்.

இளம் வழக்கறிஞர் எழுந்தார். முதியவரிடம் கடுமையாக நடந்துகொள்ளக் கூடாது என்று எண்ணியவர் போல், அருகில் வந்து மிக மென்மையாகக் கேட்டார்.

"மிஸ் ஆர்டீலியாவ உங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியுமா ஐயா?"

"அவ பொறந்ததுலேருந்து தெரியும். இவளப் போல ஒரு பொண்ண நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க. அன்னிக்கு நடந்ததையே எடுத்துக்கோங்களேன்." அவர் கைத்தடியை ஊன்றி, மாஜிஸ்ட்ரேட்டின் பக்கம் திரும்பினார். "நான் மோர் எடுக்கலாம்னு போறேன் மேடம். இவ குறுக்க கையப் போட்டு நிறுத்திட்டா. 'ஹேவுட் ஐயா, அங்க தண்ணி கெடக்கு, நீங்க நகராதீங்க, நான் எடுத்தாறேன்'னா. எனக்குப் பதிலா அவ போனா. போயித்தான் விழுந்தா. சொல்லுங்க, இந்தக் காலத்துல யாரு செய்வாங்க?"

இளம் வழக்கறிஞர், "வேற கேள்வி இல்லைங்க" என்று அமர்ந்தார். வெற்றி பெற்றவரின் முகமாக அது இல்லை.

மாஜிஸ்ட்ரேட் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"மிஸ் ஆர்டீலியா, ஐயா சொன்னது சரிதானா?"

நான் அவளுடைய கையைத் தொட்டேன். ஞாபகம் இல்லை என்று அவள் கூறலாம். முதியவருக்கு எண்பது வயதுக்கு மேல். அவர் தவறாக நினைவு வைத்திருக்கிறார் என்று நம்புவதற்கு அந்த அறையில் மாஜிஸ்ட்ரேட் உட்பட எல்லோருமே ஆயத்தமாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

ஹேவுட் ஐயா அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"சரிதான் மேடம்," என்றாள் ஆர்டீலியா. "அவரு பொய் சொல்ற ஆளு இல்ல."

மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பை உடனே கூறினார். கடையின் மீது தவறு இருப்பதாகத் தாம் நம்புவதாகவும், ஆனால் ஆபத்தை அறிந்தே ஒருவர் அதில் கால் வைத்தால், எந்த நல்ல காரணத்துக்காக வைத்தாலும், இம்மாநிலச் சட்டம் அவருக்கு எதையும் அளிக்க இடம் தருவதில்லை என்றும் கூறினார். மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு என்றும், அதற்குக் கெடு பத்து நாள் என்றும் சொன்னார். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை.

தாழ்வாரத்தில் கோய் எங்களை நோக்கி இரண்டு அடி வந்து, தம் வழக்கறிஞரைப் பார்த்து நின்றுவிட்டார். ஹேவுட் ஐயாவுக்குக் காது மந்தம். மாஜிஸ்ட்ரேட் தாழ்ந்த குரலில் சொன்ன தீர்ப்பு அவருக்கு எட்டவில்லை.

"நல்லாப் பேசினேனாம்மா?"

"ரொம்ப நல்லாப் பேசினீங்க ஐயா."

"என்ன சொன்னாங்க அந்தம்மா?"

"யோசிச்சுச் சொல்வாங்களாம்."

"இன்னொரு வாட்டி வரணும்னாலும் கூப்பிடு. இதயே திரும்பச் சொல்றேன்."

அவரை அவருடைய மருமகனின் வண்டியில் ஏற்றிவிட்டு எங்கள் வண்டிக்கு வந்தோம். ஆர்டீலியா முதலில் இருக்கையில் அமர்ந்து, பிறகு இரு கைகளாலும் வலக்காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"மேல போலாம்க்கா. பத்து நாள் இருக்கு."

"மேல போனா அவரையும் கூட்டிட்டுத்தான் போகணும். அவரும் இதயேதான் சொல்வாரு."

"அவரக் கூப்பிடாமப் போனா?"

"அப்ப தண்ணி எவ்வளவு நேரம் கெடந்துச்சுன்னு யாரு சொல்றது, உன் தலையா?" அவள் வார்ப்பட்டையை இழுத்து மாட்டினாள். "வண்டிய பஸ் பணிமனைக்கு விடு. என் சீட்டு மெத்தை ஒண்ணு அங்க கெடக்கு. எடுத்துட்டுப் போயிடலாம்."

பணிமனை முற்றத்தில் மஞ்சள் பேருந்துகள் வரிசையாக நின்றன. மேற்பார்வையாளர் வெளியே வந்தார். ஆர்டீலியா வண்டியிலிருந்து இறங்காமலே, தன் இடத்தை அவர் நிரப்பிக்கொள்ளலாம் என்று கூறினாள். அவர் தலையைச் சொறிந்தார். பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு பெண்ணைச் சென்ற வாரமே அந்தப் பேருந்தில் ஏற்றியதாகவும், அவளுக்கு உறுதி எதுவும் கொடுக்கவில்லை என்றும் சொன்னார்.

"நல்லது. ஆகஸ்டு வர இழுத்திருந்தா புள்ளைங்க ரோட்டுல நின்னிருக்கும்," என்றாள்.

பேருந்தின் படிகளில் நான்தான் ஏறினேன். மெத்தை ஓட்டுநர் இருக்கையின் பின்னால் செருகப்பட்டிருந்தது. எடுத்து வந்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் தட்டித் தூசியைப் போக்கினாள்.

"சீட்ட முன்னாடி தள்ளியிருக்காங்களா?"

"ஆமா. நெறையவே."

"அப்ப குட்டையான பொண்ணு. போயி உள்கண்ணாடியப் பாரு தம்பி. எனக்கு வெச்ச மாதிரியே விட்டிருந்தா அவளுக்குக் கடைசி சீட்டு தெரியாது. அந்தச் சின்னதுங்க அங்கதான் எந்திரிச்சு நிக்கும்."

நான் மீண்டும் ஏறினேன். அந்தப் பெண்ணின் இருக்கையில் முழங்கால் இடிக்க அமர்ந்து, அவளுடைய உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, கண்ணாடியைப் பார்த்தேன். கடைசி இருக்கை முழுவதுமாகத் தெரிந்தது.

இறங்கி வந்து, கண்ணாடியை முன்பே மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.