உடையப்பனின் இடது கால்

என் கொழுந்தன் உடையப்பன் இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறான். நடக்கட்டும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிர்கிறது.

ஐம்பத்தாறாம் வருஷம், என் வீட்டுக்காரர் செத்த மூன்றாம் மாதம், ஆத்தூரில் எங்கள் பங்குக் கிணற்றில் என் முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டான். நியாயம் கேட்கப் போனேன். மண்வெட்டிப் பிடியால் ஒரே போடு. வலது கை முறிந்தது. "இனி கெணத்துப் பக்கம் வந்த, மறு கையும் போகும்" என்றான். படுபாவி!

திண்டுக்கல் பேகம்பூரில் காதர் பீவியிடம் போனேன். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவள். எழுபது வயது, பாதிப் பார்வைதான். எல்லாவற்றையும் விரலால் தடவியே கண்டுபிடிப்பாள். வெள்ளிதோறும் கட்டு மாற்றப் போவேன். அந்த வீட்டுக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. வேடசந்தூர் மில்காரனோ அய்யலூர் ஆட்டு வியாபாரியோ, யார் வந்தாலும் முதலில் சோறு. "ஒடிஞ்சது எங்கயும் ஓடிறாது. உக்காரு புள்ள, ஆணம் ஆறுது" என்பாள். குழம்புக்கு அவள் வீட்டில் ஆணம் என்று பேர். எனக்குக் கை ஏலாதென்று அவளே பிசைந்து ஊட்டினாள். பெற்றவள்கூட எனக்கு அப்படி ஊட்டியதில்லை. எப்படி ஒடிந்தது என்று கேட்டபோது, கிணற்று மேட்டில் விழுந்தேன் என்று பொய் சொன்னேன். கொழுந்தனிடம் அடி வாங்கியதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். கடைசியாகக் குணமானவர்தான் அடுத்து வருகிறவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "வலி தெரிஞ்ச கைதான் பதமாப் பிடிக்கும்" என்பாள் பீவி. வந்தவர் பயந்து விறைக்காமல் இருக்கக் கண்ணைத் துணியால் கட்டிவிடுவாள்.

என் கை குணமாகி, என் முறை வந்தது. ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு பாயில் கிடக்கிறான் உடையப்பன்! வண்டி குடை சாய்ந்து இடது கால் போய்விட்டதாம். எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது.

பீவி எலும்பைச் சேர்த்து, முட்டை வெள்ளையில் குழைத்த உளுந்து மாவைப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். "காயுற வரைக்கும் பாதம் நேரா நிக்கணும் புள்ள, அசைய விட்றாத" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, அவனுக்குக் கஞ்சி காய்ச்சப் போனாள்.

பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினேன். "ஆத்தா!" என்று அலறினான். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுவிடுவானென்று நான் மூச்சுக் காட்டவில்லை. கட்டு இறுகும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.

பிரித்தபோது கால் கோணல். ஊரைக் கூட்டிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஆனால் அந்த நாசமாய்ப் போகிறவன் அய்யலூர்ச் சந்தையில் வாராவாரம் காலைக் காட்டி, "குருட்டுக் கெழவி கெடுத்துட்டா, யாரும் அங்க போயிராதீக" என்று ஒப்பாரி வைத்தான். இப்படி ஆகுமென்று பாழாய்ப்போன என் புத்திக்குத் தோன்றவேயில்லை. ஆடியில் பீவியைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. தன் விரல்களைத் தானே தடவிக்கொண்டு, "எனக்கே தெரியாம என் கை தப்பிருச்சு போல புள்ள. இனி யாருக்கும் கட்டமாட்டேன்" என்றாள். அவள் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வியாழன் சந்தையில் அவன் காலைக் காட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் போய் நின்றேன்.

"பீவி கை தப்பல. இவன் என் கைய ஒடிச்சான், நான் இவன் பாதத்தத் திருப்பி வச்சேன். வேணும்னுதான் செஞ்சேன். என்னடா செய்வ?"

அவன் ஓங்கிய தடியை நாலு பேர் பிடுங்கினார்கள். இரண்டே வாரத்தில் பீவி வீட்டில் பழைய கூட்டம். நானும் போனேன். என்னையும் உட்காரவைத்துப் பரிமாறினாள், கறி ஒரு கரண்டி கூடவே வைத்தாள். கை முறிந்த சின்னப் பெண்ணொருத்தி அழுதுகொண்டிருந்தாள். பிடித்துக்கொள்ள எழுந்தேன்.

"நீ உக்காரு" என்றாள் பீவி. "இந்த வீட்டுல ஒனக்கு எப்பவும் சோறு உண்டு புள்ள. நோவோட வந்தவுக மேல மட்டும் இனி கைய வைக்காத."