ஆப்பிளுக்கு மூட்டம்

ஐப்பசியில் பறித்த ஆப்பிளைத் தை வரை கெடாமல் வைத்திருக்க வேண்டும். என் மனைவி தாமரைச்செல்விக்கு விசா கிடைத்துவிட்டது, பொங்கலுக்கு வருகிறாள். இத்தனை நாள் போனில் மட்டும் பார்த்த மரத்தின் பழத்தை அவள் ஒரு கடி கடித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஃப்ரீமான்ட்டில் நானும் கோபாலசாமியும் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற வீட்டின் பின்னால் நிற்கிறது மரம். மில்பிடாஸ் ஓட்டலில் பொழுதெல்லாம் தோசைக்கல் முன்னால் நின்றுவிட்டு வந்து, வீங்கின காலோடு தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். இதுதான் முதல் காய்ப்பு. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல் பெட்டியில் அடுக்கி, குளிர்ந்து கிடக்கும் கராஜில் வைத்தேன்.

கார்த்திகையில் கோபாலசாமி ஐயப்பனுக்கு மாலை போட்டார். பூஜைக்கு வாங்கின வாழைத்தார் கல் மாதிரி பச்சையாய் இருந்தது. ஊர்ப் பழக்கத்தில் அது பழுக்கக் கராஜுக்குள்ளேயே மூட்டம் போட்டுவிட்டார். தார்ப்பாயை மூடி, உள்ளே சட்டியில் தேங்காய் நார்ப் புகை. தார்ப்பாய் பெரிது. என் பெட்டியும் அதற்குள்தான், எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் வேலை முடிந்து வந்தால் ஸ்மோக் அலாரம் அலறுகிறது. கறுப்பு வேட்டியோடு அவர் துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறார்.

மாலை போட்டவரைத் திட்டக் கூடாது. கூப்பிட்டாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"ஏஞ்சாமி, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா சாமி?"

"சனிக்கிழமைக்குள்ள பழுக்கணுமே சாமி!"

"என்ற ஆப்பிளும் சேர்ந்து பழுக்குமுங்க சாமி!"

பழுத்திருந்தது. வாழையோடு புகைக்குள் கிடந்தால் எதுதான் சும்மா இருக்கும்? மேல் அடுக்கைத் தொட்டால் விரல் அமுங்கியது. அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோபாலசாமி உள்ளே போய், ஃப்ரிட்ஜிலிருந்த தன் மாவுப் பாத்திரங்களையும் ஊறுகாயையும் வெளியே எடுத்துப்போட்டார். "கெட்டியா இருக்கிறத எல்லாம் இதுல வைங்க சாமி. மெத்துன்னு இருக்கிறத என்கிட்ட குடுங்க."

அடியில் இருந்தவை தப்பித்து ஃப்ரிட்ஜுக்குப் போயின. மெத்தென்றவை பூஜைக்குக் கேசரியாயின. "எப்படி பண்ணீங்க, ரெசிபி ஷேர் பண்ணுங்க அங்கிள்" என்று வந்தவர்கள் கேட்டதற்கு அவர் இன்னொரு கரண்டி கேசரியை அவர்கள் தட்டில் வைத்தார்.

தாமரைச்செல்வி வந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றக்கூட விடாமல் ஒரு பழத்தைக் கையில் கொடுத்தேன். நறுக்கென்று கடித்தாள்.

"ஏனுங்க, லேசாப் பொகை வாசம் அடிக்குதுங்களே?"

கோபாலசாமி கூரையைப் பார்த்தார். "அது இந்த ஊரு ரகம்மா. அப்படித்தான் இருக்கும்."

அவள் விதை வரைக்கும் தின்றுவிட்டு, என்னிடம் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடுங்க."